கரி பஸ்ஸில் ஒரு டின் பெட்ரோல்

பெட்ரோல் விலை மறுபடியும் ஏறியிருக்கிறது. பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. எதிர்வீட்டு வாத்தியாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரிடம் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. போன வாரம் வரைக்கும் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்கும். இன்றைக்குப் பாலத்து மேட்டிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு, பூனை மாதிரி வாசலில் வந்து நின்றார்.

"இறக்கத்துல அணைக்காதீங்க சார். குறுக்க ஆடு மாடு வந்தா சுதாரிக்க முடியாது" என்றேன்.

"விக்கிற விலைக்கு வேற என்னங்க பண்றது? உங்களுக்கென்ன, நடந்தே போயிருவீங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்த வித்தையை அவருக்கு முன்னாலேயே கற்றவன் நான். அவர் தன்னை ஒருத்தரை வைத்து உருட்டுகிறார். நான் முப்பது பேரை வைத்து உருட்டியிருக்கிறேன்.

அவர் உள்ளே போனதும் இஸ்திரி வண்டி வந்தது. இஸ்திரிக்காரன் பெட்டியைத் திறந்து கரியை விசிறினான். அந்த வாசனைக்கு எனக்கு நெற்றிப்பொட்டு வலிக்கும். எந்த வைத்தியரிடமும் சொன்னதில்லை. சொல்வதாக இருந்தால் இவ்வளவையும் சொல்ல வேண்டும். இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. நாலாம் வகுப்போடு நின்றவன். கோர்வையாக வராது. பஸ் ஓட்டுகிறவன் கதை சொன்னால் நடுவில் நாலு இடத்தில் நிற்கத்தான் செய்யும்.

வெள்ளைக்காரன் காலத்து இரண்டாம் உலகச் சண்டை எங்கேயோ கடலுக்கு அப்பால் நடந்தது. நாமக்கல்லில் இருந்த எங்களுக்கு அது பெட்ரோல் பம்பில்தான் தெரிந்தது. முதலில் விலை ஏறியது. பிறகு விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. கூப்பன் வந்தது. கூப்பனுக்கும் பாதிதான் ஊற்றினார்கள். எங்கள் முதலாளிக்கு இரண்டு பஸ். ஒன்றைக் கல் வைத்து நிறுத்திவிட்டு, அதன் டயரைக் கழற்றி மற்றதற்கு மாட்டினார். நாலு நடை ஓடிய இடத்தில் ஒரு நடை. காலையில் நாமக்கல்லில் இருந்து சேலம், சாயங்காலம் திரும்பிவருவது. அவ்வளவுதான்.

ஊரே மாறிப்போனது. கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே கட்டுச்சோற்றோடு கிளம்பினார்கள். கலியாணத்துக்கு மறுபடியும் மாட்டு வண்டி. பரமத்திப் பக்கம் ஒரு பெரிய மனுஷர், கார் இருந்தும் மாட்டு வண்டியில் போனால் மானம் போய்விடும் என்று காருக்கு முன்னால் இரண்டு காளைகளைக் கட்டினார். உள்ளே டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காளை ஒரு பக்கம் போகும், கார் ஒரு பக்கம் போகும். அவன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

முதலாளி எனக்குச் சொன்ன பாடம் சின்னது. "இறக்கத்துல எஞ்சின் எதுக்குடா? அணைச்சுப்போட்டு உடு. பிரேக்கை மிதிக்காதே. நீ மிதிக்கிறது பிரேக்கு இல்ல, என்ற பெட்ரோலு."

ஒரு மாசத்தில் நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நடுவில் எந்த மேட்டில் அணைத்தால் எந்தப் புளியமரம் வரைக்கும் வண்டி தானாகப் போகும் என்று எனக்கு மனப்பாடம். அதில் ஒரு கர்வமும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு வராதவனுக்கு அது வந்தது.

அதுவும் போதவில்லை. அப்புறம்தான் கரி வந்தது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு கைச்சக்கரம். அதைச் சுற்றினால் உள்ளே காற்றுப் போய்க் கரி கனியும். அதிலிருந்து வருகிற கேஸ், தேங்காய் நார் திணித்த டப்பா வழியாக, பஸ்ஸின் அடியில் ஓடுகிற குழாயில் எஞ்சினுக்குப் போகும். பெட்ரோலில் பாதி பலம்கூட அதற்கு இல்லை. அரை மணி நேரம் சக்கரம் சுற்றினால்தான் கிளம்பும். மேட்டைக் கண்டால் நின்றுவிடும்.

கரி பஸ் என்று பெயர் வந்தது. கரிக்கும் விலை ஏறியது. கொல்லுப்பட்டறைக்காரர்கள் எங்களைக் கண்டால் காறித் துப்பினார்கள். இஸ்திரி போடுகிறவர் ஒருத்தர் ராசிபுரத்தில் பஸ்ஸை மறித்து, "எங்க சோத்தத் தின்னுபோட்டுத்தான் இது ஓடுது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஏரிக்குள் நின்ற வேலமரமெல்லாம் அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் பீப்பாய்க்குள் போனது.

கண்டக்டர் மாரப்பன். எனக்குச் சமவயசு. சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒருத்தரை ஒருத்தர் மாப்ளே என்போம். டிக்கெட் போடுவது, மூட்டை ஏற்றுவது, சக்கரம் சுற்றுவது எல்லாம் அவன் வேலை. ஊர்ப்பெயரை ராகம் போட்டுச் சொல்வான். புதன்சந்தை, களங்காணி, புதுச்சத்திரம், ஆண்டகளூர், ராசிபுரம், மல்லூர் என்று அவன் ஒரு மூச்சில் இழுப்பதைக் கேட்கவே சிலபேர் ஸ்டாண்டில் நிற்பார்கள்.

புதுச்சத்திரம் தாண்டி ஒத்தப்பனை ஏத்தம் என்று ஒரு மேடு. அங்கே கரி பஸ் ஏறாது. மாரப்பன் முன்கூட்டியே குரல் கொடுப்பான்.

"ஏத்தம் வருதுங்கோ. கால் நல்லா இருக்கறவங்க எல்லாம் எறங்கிக்கோங்க."

வெற்றிலைக் கூடையோடு தினமும் வருகிற ராமாயி சும்மா இருக்க மாட்டாள். நாற்பது வயசிருக்கும். வாய் நீளம்.

"காசு குடுத்து நடக்கறதுக்கு பஸ்ஸு எதுக்குடா?"

"நடக்கறதுக்குக் காசில்லீங்க அக்கா. உக்காந்து வந்ததுக்குத்தான் வாங்குனேன்."

"அப்ப என்ற கூடை மட்டும் உக்காந்து வருதே, அதுக்குத் தனிக் காசு வாங்குனியே?"

"கூடை உங்களாட்டம் பேசறதில்லீங்களே, அந்த மரியாதைக்கு."

மேட்டைச் சிரித்துக்கொண்டே ஏறுவோம். பிள்ளைத்தாய்ச்சியும் வயசானவர்களும் மட்டும் உள்ளே இருப்பார்கள். மற்றவர்கள் தள்ளுவார்கள். தள்ளுவது யாருக்கும் கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை. பட்டு அங்கவஸ்திரம் போட்டவர்கூட அதை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளியிருக்கிறார்.

இனி அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் சீட்டுக்கு அடியில் ஒரு காலன், இன்றைக்குக் கணக்கில் நாலரை லிட்டர், பிடிக்கிற பெட்ரோல் டின் இருக்கும். முதலாளி கொடுத்தது. "உசுரு போற காரியம்னா மட்டும் தொடு. மத்தபடி அது இல்லேன்னு நெனச்சுக்கோ" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து மூடியைத் திறக்காமல் டின்னைத் தூக்கி, காதோரம் ஆட்டிப் பார்ப்பார். சலக் சலக் என்று கேட்கும். தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

ஆவணியில் மாரப்பனுக்குக் கலியாணம் ஆனது. பெண் செல்லாயி, பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்காரர் மகள். அதற்கப்புறம் அவன் காலையில் நேரத்துக்கு வரவில்லை. ஆறு மணி வண்டிக்கு அஞ்சரைக்குச் சக்கரம் சுற்ற வேண்டும். அவன் ஆறு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவான்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மாப்ளே. எழுப்பவே மாட்டீங்கறா."

"நேத்தும் இதைத்தாண்டா சொன்னே."

"நேத்துச் சொன்னது நேத்தைக்கு."

நான் என்ன செய்வேன். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, டின்னில் இருந்து ஒரு டம்ளர் பெட்ரோலை ஊற்றி வண்டியைக் கிளப்பிவிடுவேன். ஓடுகிற ஓட்டத்தில் கரி கனிந்துவிடும். அவன் சுற்ற வேண்டியதில்லை. தினம் ஒரு டம்ளர். டின் இளைத்தது. சனிக்கிழமை முதலாளி ஆட்டிப் பார்ப்பாரே. குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஆட்டினால் தண்ணீரும் பெட்ரோலும் ஒரே சத்தம்தான். அடுத்த கூப்பனில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். களவு என்று அப்போது தோன்றவில்லை. புது மாப்பிள்ளைக்கு ஒரு சினேகிதன் செய்கிற மொய் மாதிரி தோன்றியது.

ஐப்பசி மாசம். விடாத மழை. நனைந்த கரி எரியாது என்று கூரைமேல் இருந்த கரி மூட்டைகளை இறக்கிப் பின் சீட்டில் அடுக்கினோம். மாரப்பன் அந்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டான். சாரல் அடிக்காமல் இருக்கச் சுற்றிலும் படுதாவை இறக்கிக் கட்டினோம். புதுச்சத்திரத்தில் அவன்தான் மணி அடித்து விசில் கொடுத்தான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அங்கிருந்து வண்டி வழக்கத்தைவிடச் சோர்ந்து வந்தது. மழைக்கு அப்படித்தான் என்று நினைத்தேன். பின் சீட்டுக்கு அடியில் குழாய் சேர்கிற இடத்தில் ஒரு விரிசல் உண்டு. பாகம் கிடைக்காத காலம். துணியைச் சுற்றிக் களிமண் அப்பியிருந்தோம். ரோட்டுத் தண்ணீர் அடித்து அந்த மண் கரைந்துபோனது எனக்குத் தெரியாது.

ஒத்தப்பனை ஏத்தத்தில் நின்றுவிட்டோம். மாரப்பன் குரல் வரவில்லை. ஜனங்கள் பழக்கத்தில் தாங்களாகவே இறங்கிக் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ராமாயி பின்பக்கம் போய்ப் படுதாவைத் தூக்கிப் பார்த்தாள்.

"அட, இங்க பாருங்க இந்தக் கூத்தை. கரி மூட்டையக் கட்டிப்புடிச்சுத் தூங்கறான்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மூட்டையில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து கிடந்தான். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"மாப்பிள்ளைக் களை இன்னும் போகலை பாருங்க, மூஞ்சி எப்படிச் செவந்து கெடக்குது" என்றாள் ராமாயி.

"ராத்திரியெல்லாம் முழிப்பு போல" என்றார் சேலத்துக்குச் சேலைக்கட்டு கொண்டுபோகிற நெசவுக்காரர் ஒருத்தர். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எழுப்பாதீங்க. பாவம், தூங்கட்டும் உடுங்க." ராமாயிதான் சொன்னாள். சாரல் அவன்மேல் படாமல் படுதாவை இழுத்து, கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டாள்.

நானும் சொன்னேன். "உடுங்க. ஒரு ஏத்தந்தானே."

அவன் செய்கிற வேலையை நான் செய்தேன். பின்னால் போய்ச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன். நன்றாகவே சுற்றினேன், கால் மணி நேரம். உள்ளே கரி கனிந்து கேஸ் கிளம்பியது. அது எஞ்சினுக்குப் போகவில்லை. விரிசல் வழியாகப் போன இடம் எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த ஒரு பலகைக்கு அந்தப் பக்கம்.

எஞ்சின் பிடிக்கவே இல்லை. எல்லோருமாகத் தள்ளி மேட்டுக்கு ஏற்றினோம். மேலே வந்ததும் நான் இறங்கிப் போய் முடிச்சை அவிழ்த்தேன்.

"எந்திரி மாப்ளே. மாமியா ஊடு வந்துருச்சு."

தோளைப் பிடித்து ஆட்டினேன். அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். எனக்கும் தலை கிறுகிறுத்தது. உள்ளே கேஸ் நிறைந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

தூக்கி முன்னால் கொண்டுவந்து கிடத்தினோம். படுதாவை எல்லாம் அறுத்துவிட்டோம். மூச்சு இருந்தது, நூல் மாதிரி. ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு நாலு மைல். கேஸில் வண்டி ஓடாது. நெசவுக்காரர் கேட்டார், "டிரைவரே, அவசரத்துக்குப் பெட்ரோல் வெச்சிருப்பீங்களே?"

வைத்திருந்தேன். சீட்டுக்கு அடியில் கையை விட்டு டின்னை எடுத்தேன். கனமாகத்தான் இருந்தது.

பெட்ரோல் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் கிடக்கும். டின்னை மெதுவாகச் சாய்த்து மேலாக வடித்தேன். மோரில் வெண்ணெய் எடுக்கிற மாதிரி. சுற்றி நின்றவர்களுக்கு நான் ஏன் இப்படிச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறேன் என்று புரியவில்லை. "கவுத்து ஊத்துங்க, உசுரு போகுது" என்று ராமாயி கத்தினாள். இரண்டு டம்ளர் தேறியிருக்கும். அதிலும் கடைசியில் தண்ணீர் கலந்துவிட்டது.

வண்டி கிளம்பியது. இறக்கத்தில் அணைத்தேன். என் வாய்ப்பாடு அன்றைக்கு எனக்கு ஒரு மைல் கொடுத்தது. சமதரையில் மறுபடி கிளப்பினேன். ஒரு மைல் போனதும் எஞ்சின் தும்மியது. இன்னொரு தரம் தும்மி நின்றது. முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி என் உள்ளங்கை கிழிந்தது.

இன்னும் இரண்டு மைல். ரோட்டில் வேறு மோட்டார் கிடையாது. இருந்த ஒரே பஸ் அதுதான். கடலைக்காய் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் மூட்டைகளை மழையில் ரோட்டோரம் தள்ளிவிட்டு, "ஏத்துங்க சாமி" என்றார். நனைந்த கடலைக்காய் முளைத்துவிடும். அவருக்கு அது ஒரு வருஷத்து வெள்ளாமை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகிவிட்டது. டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

"கரிக்காத்து. அது ஏறினா மூஞ்சி இப்படித்தான் செவக்கும். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தான்?"

நான்தான் சொன்னேன். "தூங்கறான்னு நெனச்சுட்டோமுங்க."

"சீக்கிரம் கொண்டாந்திருக்கலாமே" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

செல்லாயி மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். நாமக்கல்லில் இருந்து வர அவளுக்கு பஸ் இல்லை. மூன்றாம் நாள் மாரப்பன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான்.

"நேரமாயிருச்சா மாப்ளே?" என்றான்.

பிழைத்துவிட்டான் என்று எல்லோரும் கும்பிட்டோம். ராமாயி கோயிலுக்கு ஒரு கவுளி வெற்றிலை வைத்தாள்.

முதலாளி பஸ்ஸைப் பார்க்க வந்தார். டின்னை எடுத்து மூடியைத் திறந்து, விரலை விட்டு, முகர்ந்து பார்த்தார்.

"மழைத் தண்ணி எறங்கிருச்சுங்க" என்றேன்.

"மூடின தகரத்துக்குள்ள மழை பேயுமா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போனார். என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அந்த நாளில் கரி பஸ் ஓட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால்தானா, வேறு எதனாலா என்று கடைசிவரை தெரியவில்லை.

ஒரு மாசம் கழித்து மாரப்பன் பையை மாட்டிக்கொண்டு வந்தான். ஸ்டாண்டில் நின்று வழக்கம்போல ஆரம்பித்தான். புதன்சந்தை என்றான். அடுத்தது வரவில்லை. மறுபடி புதன்சந்தை என்றான். நின்றவர்கள் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் ஜனங்களே அவனுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். "அடுத்தது களங்காணி சாமி" என்பாள் ராமாயி. அவளுடைய கேலியெல்லாம் எங்கே போனதோ. அவன் களங்காணி என்பான். யாருக்கு டிக்கெட் போட்டோம் என்பது மறந்துபோகும், இன்னொரு தரம் கை நீட்டுவான். அவர்களும் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள், இறங்கும்போது என்னிடம் இரண்டு சீட்டையும் காட்டிவிட்டுப் போவார்கள். தை மாசம் ஒரு நாள் அவனே பையைக் கழற்றி என் மடியில் வைத்தான். "எனக்கு இது ஆவாது மாப்ளே" என்றான். மாமனார் ஊருக்குப் போய்க் கொடிக்காலில் தண்ணீர் கட்டினான். கால்வாய் போகிற வழியில் தண்ணீர் போகும், அதற்குப் பெயர் ஞாபகம் வேண்டியதில்லை.

சண்டை முடிந்தது. பெட்ரோல் வந்தது. பீப்பாயைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நான் வருஷத்துக்கு ஒரு தரம் அவனைப் பார்க்கப் போவேன். டின் விஷயத்தை அவனிடம் மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். மூன்று தரமும் பொறுமையாகக் கேட்டான். "அப்படியா மாப்ளே, எனக்காவா ஊத்துனே?" என்று சந்தோஷப்பட்டான். அடுத்த வருஷம் போனால் அவனுக்கு அது இருக்காது. மன்னிக்கிறவனுக்கு முதலில் ஞாபகம் வேண்டும். நாலாவது தரம் நான் சொல்லவில்லை.

செல்லாயியிடம் ஒரு தரம் சொன்னேன். அவளுக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. வெற்றிலையை அடுக்கிக்கொண்டே கேட்டாள். கட்டைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அவரு தெனமும் கோழி கூப்பிடவே எழுப்பச் சொல்லுவாருங்க. நாந்தான் எழுப்பாம உட்டது. தூங்கட்டுமேன்னு."

நான் கிளம்பும்போது ஒரு கட்டு வெற்றிலை கொடுத்தாள். பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

இப்போது மாரப்பன் இல்லை. செல்லாயியும் இல்லை. ராமாயி, முதலாளி, அந்த வண்டிக்காரர் யாரும் இல்லை. மூட்டையை இறக்கினாரே, அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

போன மாசம் ஒரு சாவுக்காகச் சேலத்தில் இருந்து நாமக்கல் போனேன். ரோட்டை அகலப்படுத்தியிருக்கிறார்கள். ராசிபுரத்துக் கைகாட்டி தாண்டியதும் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பனை இல்லை. வண்டி ஒரே வேகத்தில் போனது. கியர்கூட மாற்றவில்லை. புதுச்சத்திரம் என்று பலகை வந்துவிட்டது. கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"ஏம்ப்பா, இங்க ஒரு ஏத்தம் இருந்துச்சே?"

"ஏத்தமா? இந்த ரோட்டுல ஏத்தமே கிடையாதுங்க பெரியவரே. பதினஞ்சு வருசமா வாரேன். நீங்க வேற ரோட்டை நெனச்சுக்கிட்டுச் சொல்றீங்க."

"இருக்கும்" என்றேன்.

நாமக்கல் வரைக்கும் இறங்காமல் உட்கார்ந்தே போனேன்.